அசையும் பேனர் விளம்பரங்கள்: வாசகர் கேள்வி – பதில்

இணையப் பக்கங்களில் வரும் அசையும் பேனர் விளம்பரம் தயாரிப்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் சில ஐயங்கள் திரும்பத் திரும்ப வந்திருந்தன. ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்து, இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஃபோட்டோஷாப் என்ற படத் திருத்த மென்பொருளில் நிலையான படங்களைச் செய்து பழகியிருக்கிறேன். இப்போது 300-க்கு 250 பிக்சல் அளவில், மூன்று வாசகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் பேனர் ஒன்றைக் கேட்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கடைசி ஃபிரேமிலிருந்து தொடங்குங்கள். (அசைவில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம்.) பேனர் சில சுற்றுகள் ஓடி நின்றுவிடும். நின்ற பிறகு பக்கத்தில் தங்கியிருப்பது கடைசி ஃபிரேம்தான். நிறுவனத்தின் சின்னம், சொல்ல வந்த செய்தியின் சாரம், 'மேலும் அறிய' போன்ற பொத்தான் ஆகிய மூன்றும் அந்த ஒரு படத்திலேயே இருக்க வேண்டும். அந்தப் படத்தை மட்டும் பார்ப்பவருக்கும் விளம்பரம் புரிய வேண்டும். அதை முழுமையாக வடிவமைத்த பிறகு, முந்தைய ஃபிரேம்களில் எதை மறைத்து வைப்பது என்று பின்னோக்கி யோசித்தால் வேலை எளிதாகிவிடும்.

புதிய கோப்பை 300-க்கு 250 பிக்சல் அளவில், திரைக்கான ஆர்ஜிபி வண்ண முறையில் திறந்து, பின்னணி, சின்னம், பொத்தான், மூன்று வாசகங்கள் ஆகியவற்றைத் தனித்தனி லேயர்களாக, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படலங்களாக, அமையுங்கள். லேயர்களுக்குப் பெயரிடச் சோம்பல்பட வேண்டாம்; 'லேயர் 7 நகல் 2' என்ற பெயரை வைத்துக்கொண்டு பத்து ஃபிரேம்களில் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று தேடுவது பெரும் தொல்லை. பிறகு விண்டோ மெனுவில் டைம்லைனைத் திறந்து, நடுவிலுள்ள பொத்தானின் சிறு அம்புக்குறியை அழுத்தி, 'கிரியேட் ஃபிரேம் அனிமேஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கேயே இருக்கும் 'வீடியோ டைம்லைன்' வேறு வகை வேலைக்கானது. வாசகங்கள் மாறும் எளிய பேனருக்கு ஃபிரேம் முறைதான் கைக்கு அடக்கமானது.

இப்போது ஒரு ஃபிரேம் தெரியும். லேயர் பட்டியலில் கண் குறிகளை இயக்கி, முதல் வாசகம் மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். டைம்லைனின் அடியிலுள்ள நகல் குறியை அழுத்தினால் இரண்டாவது ஃபிரேம் பிறக்கும்; அதில் முதல் வாசகத்தை மறைத்து இரண்டாவதைக் காட்டுங்கள். மூன்றாவதற்கும் அதே முறைதான். ஒவ்வொரு ஃபிரேமின் அடியிலும் உள்ள நேரத்தை அழுத்தி, முதல் இரண்டுக்கும் தலா 2 விநாடியும் கடைசிக்கு 3 விநாடியும் கொடுங்கள். இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு மென்மையாக மாற வேண்டுமானால், அவ்விரண்டையும் தேர்ந்தெடுத்து இடைப்பட்ட ஃபிரேம்களைத் தானாக உருவாக்கும் 'ட்வீன்' குறியை அழுத்தி, இடையில் 2 ஃபிரேம்களைச் சேர்த்து, அவற்றுக்குத் தலா 0.25 விநாடி கொடுக்கலாம். ஆக ஒரு சுற்று 7.5 விநாடி; மூன்று சுற்று 22.5 விநாடி. இடப்பக்கக் கீழ் மூலையில் சுற்றின் எண்ணிக்கையை '3 டைம்ஸ்' என்று மாற்ற மறவாதீர்கள்.

சேமிக்கும்போது 'எக்ஸ்போர்ட் ஆஸ்' வழியே போனால் அசைவு கிடைக்காது. ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட், அதனுள் 'சேவ் ஃபார் வெப்' என்ற பழைய உரையாடல் பெட்டிதான் பல ஃபிரேம்களை ஒரே படக் கோப்பில் அடக்கும் அசையும் ஜிஃப் கோப்பைத் தரும்.

கேள்வி: நான் செய்த பேனர் 600 கிலோபைட்டைத் தாண்டிவிட்டது. விளம்பரத் தளம் 150 கிலோபைட்டுக்கு மேல் ஏற்க மறுக்கிறது. தரத்தைக் குறைத்தால் படம் அசிங்கமாகிறது. வேறு வழி உண்டா?

பதில்: வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான். பேனர் தயாரிப்பின் முழுத் திறமையும் இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 300-க்கு 250 என்பது 75,000 பிக்சல். ஜிஃப் கோப்பில் ஒரு பிக்சலுக்கு அதிகபட்சம் ஒரு பைட் என்று கொண்டால், சுருக்குவதற்கு முன் ஒரு முழு ஃபிரேம் 75,000 பைட். இருபது ஃபிரேம் வைத்தால் 15 லட்சம் பைட். சுருக்கும் முறை இதைக் கணிசமாகக் குறைத்துவிடும் என்றாலும், ஒவ்வொரு ஃபிரேமிலும் படம் முழுவதும் மாறிக்கொண்டே இருந்தால் எந்தச் சுருக்கத்தாலும் 150 கிலோபைட்டுக்குள் அடைக்க முடியாது. மாறாக, பின்னணி அசையாமல் நிற்க, 120-க்கு 40 பிக்சல் அளவுள்ள பொத்தான் மட்டும் நிறம் மாறுகிறது என்று வையுங்கள். மாறும் பகுதி 4,800 பிக்சல், அதாவது மொத்தப் பரப்பில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு. ஜிஃப் கோப்பு அந்தச் சிறு கட்டத்தை மட்டுமே புதிதாகச் சேமித்துக்கொண்டு, மற்ற பகுதிக்கு முந்தைய ஃபிரேமை அப்படியே விட்டுவிடும். ஆகவே முதலில் குறைக்க வேண்டியது அசையும் பரப்பு; தரத்தில் கை வைப்பது அதற்குப் பிறகு.

உங்கள் கோப்பில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது: ஒரு முழு நிழற்படம் கரைந்து இன்னொரு முழு நிழற்படம் தோன்றுகிறது, இடையில் பத்து ட்வீன் ஃபிரேம்கள் இருக்கின்றன. முழுப்படக் கரைவில் ஒவ்வொரு பிக்சலும் ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறுவதால், பத்தும் பத்து முழுப் படங்களாகவே சேமிக்கப்படும். அந்தக் கரைவை எடுத்துவிட்டு நேரடியாக மாற்றுங்கள். அல்லது நிழற்படம் ஒன்றை நிலையாக வைத்து, வாசகம் வரும் பட்டையை மட்டும் மாற்றுங்கள். இது ஒன்றே கோப்பைப் பெருமளவு இறக்கிவிடும்.

அடுத்தது, சுருக்கும் முறையின் குணம். ஜிஃப் பயன்படுத்தும் எல்இஸட்டபிள்யூ முறை, படத்தை மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டு போய், ஏற்கெனவே வந்த பிக்சல் வரிசை மீண்டும் வந்தால் அதைச் சுருக்கமாகக் குறித்துக்கொள்ளும். ஒரே நிறம் நீளமாகப் போகும் இடங்கள் அதற்கு மிக எளிது. பின்னணியில் நிறம் மேலிருந்து கீழாக மாறும்படி சாய்வு கொடுத்தால் ஒவ்வொரு வரியும் ஒரே நிறமாக இருக்கும், கோப்பு சிறிதாகும். அதே சாய்வை இடமிருந்து வலமாகத் திருப்பினால் ஒவ்வொரு வரியிலும் நிறம் மாறி, கோப்பு பெரிதாகும். 'டிதர்' என்ற வசதி, கோப்பில் இல்லாத நிறத்தைப் புள்ளிகள் தூவி ஈடுசெய்கிறது. அந்தப் புள்ளிகள் நீண்ட வரிசைகளை உடைத்துவிடுவதால் அளவு ஏறும். டிதரை முழுதாக நீக்கிப் பாருங்கள். நிறப் பட்டைகள் கண்ணை உறுத்தினால் மட்டும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

நிறங்களின் எண்ணிக்கையை 256-லிருந்து 128, 64 என்று இறக்கிக்கொண்டே போய், எங்கே கெடுகிறதோ அதற்கு ஒரு படி மேலே நிறுத்துங்கள். எழுத்தும் தட்டையான நிறங்களும் மட்டும் உள்ள பேனருக்குப் பெரும்பாலும் 32 நிறம் போதும். நுண்விவரத்தைச் சிறிது இழந்து சுருக்கும் 'லாஸி' என்ற அளவுகோலை 5 முதல் 10 வரை உயர்த்தினால் வேறுபாடு பெரும்பாலும் கண்ணில் படாது, கோப்போ இறங்கும். டைம்லைன் மெனுவிலுள்ள 'ஆப்டிமைஸ் அனிமேஷன்' பகுதியில் இரண்டு குறிகளும் இயங்குகின்றனவா என்றும் பாருங்கள். மாறாத பிக்சல்களை நீக்கும் வசதி வேலை செய்ய, சேமிக்கும் பெட்டியில் 'டிரான்ஸ்பேரன்ஸி' குறியிடப்பட்டிருக்க வேண்டும். பின்னணி முழுதும் நிறம் நிரம்பியிருக்கிறதே, இது எதற்கு என்று பலர் அதை எடுத்துவிடுகிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் இறங்கவில்லையென்றால், நிழற்படத்தையே மறுபரிசீலனை செய்யுங்கள். புல்வெளி, கூட்டம், நெய்த துணி போன்ற நுண்விவரம் நிறைந்த படங்கள் ஜிஃப் கோப்புக்கு ஒவ்வாதவை. பொருளை மட்டும் வெட்டி எடுத்துத் தட்டை நிறத்தின் மேல் வைப்பதே பெரும்பாலும் பார்வைக்கும் நன்றாக இருக்கிறது.

கேள்வி: ஒரு ஃபிரேமில் சின்னத்தைச் சற்று நகர்த்தினால் எல்லா ஃபிரேம்களிலும் நகர்ந்துவிடுகிறது. ஏன்?

பதில்: நீங்கள் முதல் ஃபிரேமைத் தேர்ந்தெடுத்த நிலையில் நகர்த்தியிருப்பீர்கள். லேயர் பட்டியலின் மேலே 'ப்ராபகேட் ஃபிரேம் 1' என்ற குறி இருக்கும். அது இயங்கும்போது முதல் ஃபிரேமில் செய்யும் மாற்றம் மற்ற எல்லாவற்றுக்கும் பரவும். குறியை எடுத்துவிட்டால் பரவாது. இதையே உங்களுக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம்: எல்லா ஃபிரேமிலும் சின்னத்தை ஒரே இடத்துக்கு மாற்ற நினைக்கும்போது இந்தக் குறி வேலையை மிச்சப்படுத்தும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இடம், தெரிவது, மறைவது, ஒளிபுகும் தன்மை போன்றவையே ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறக்கூடியவை. லேயரில் தூரிகையால் தீட்டினாலோ எழுத்தைத் திருத்தினாலோ அது எல்லா ஃபிரேமிலும் மாறும். ஒரு ஃபிரேமில் மட்டும் வேறு எழுத்து வேண்டுமானால் தனி லேயர்தான் வழி.

கேள்வி: என்னிடம் ஃபோட்டோஷாப் இல்லை. கிம்ப் மென்பொருளில் இதைச் செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். கிம்ப் இலவசமாகக் கிடைப்பது, விளம்பர பேனருக்குத் தேவையான எல்லாமும் அதில் இருக்கிறது. ஆனால் அதன் சிந்தனை முறை வேறு: அங்கே டைம்லைன் கிடையாது, ஒவ்வொரு லேயரும் ஒரு ஃபிரேம். பட்டியலில் அடியில் இருப்பது முதல் ஃபிரேம், மேலே இருப்பது கடைசி ஃபிரேம். இதை அறியாமல் மேலிருந்து கீழாக அடுக்கியவர்களுக்குப் பேனர் தலைகீழாக ஓடும்.

ஒரு ஃபிரேம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை லேயரின் பெயரிலேயே எழுத வேண்டும். 'வாசகம் ஒன்று' என்ற பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் 2000 என்ற எண்ணையும் அதை ஒட்டி மில்லி விநாடியைக் குறிக்கும் எம், எஸ் என்ற இரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகளையும் இட்டால் அது 2 விநாடி நிற்கும். எழுதாமல் விட்டால், ஏற்றுமதிப் பெட்டியில் உள்ள பொது நேரம் பொருந்தும். அது தொடக்கத்தில் 100 மில்லி விநாடி என்று இருக்கும் என்பதால் பேனர் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடிவிடும்.

வேலை நடக்கும் கோப்பையும் வெளியிடும் கோப்பையும் பிரித்து வையுங்கள் என்பது என் வலியுறுத்தல். பின்னணி, எழுத்து எல்லாம் தனித்தனியாக இருக்கும் கோப்பை கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப்பில் பத்திரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வேண்டிய லேயர்களை இணைத்து முழுப் படமாக்கி, வேறொரு கோப்பில் அடுக்குங்கள். பிறகு ஃபில்டர்ஸ் மெனுவில் அனிமேஷன் பகுதியிலுள்ள 'ப்ளேபேக்' மூலம் ஓட்டிப் பார்த்து, அதே பகுதியில் உள்ள 'ஆப்டிமைஸ் ஃபார் ஜிஃப்' கட்டளையைக் கொடுத்தால், மாறாத பகுதிகளை நீக்கிய புதிய கோப்பு ஒன்று திறக்கும். அதை ஏற்றுமதி செய்யும்போது 'ஆஸ் அனிமேஷன்' என்ற கட்டத்தைக் குறியிடாவிட்டால் அசையாத ஒரு படம்தான் கிடைக்கும்.

கேள்வி: தமிழில் வாசகம் எழுதினால் ஃபோட்டோஷாப்பில் எழுத்துகள் சிதறுகின்றன. 'கோ' என்று தட்டினால் கொம்பு இடம் மாறி நிற்கிறது. விளம்பரத்தில் இப்படி வந்தால் அவமானம் அல்லவா?

பதில்: உங்கள் கவலையில் முழு நியாயம் இருக்கிறது. காசு கொடுத்து வெளியிடும் விளம்பரத்தில் உடைந்த எழுத்து இருப்பது, படிப்பவரை மதிக்காததற்குச் சமம்.

எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் கணினிக் குறியீட்டு முறையான யூனிகோடில் 'கோ' என்ற எழுத்து, முதலில் ககரமும் அடுத்து ஓகாரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை ககரத்துக்கு முன்னும் காலைப் பின்னும் கொண்டுபோய் வைக்க வேண்டியது மென்பொருளின் எழுத்தமைப்பு இயந்திரத்தின் வேலை. ஃபோட்டோஷாப்பில் அதற்குரிய இயந்திரம் தேர்ந்தெடுக்கப்படாதபோதுதான் இந்தச் சிதறல் வருகிறது. ப்ரெஃபரென்சஸில் 'டைப்' பகுதிக்குச் சென்று, தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பை இயக்குங்கள். பதிப்பைப் பொறுத்து இது 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' என்றோ 'வேர்ல்ட் ரெடி லேஅவுட்' என்றோ இருக்கும். மென்பொருளை மூடித் திறந்த பிறகும் பழைய வாசகங்கள் உடைந்தே தெரிந்தால், அந்த லேயரைத் தேர்ந்தெடுத்து 'பாரகிராஃப்' பலகையின் மெனுவிலும் 'வேர்ல்ட் ரெடி' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுத்துருவும் யூனிகோட் எழுத்துருவாக இருக்க வேண்டும். கிம்ப்பில் இந்தச் சிக்கலே இல்லை. அது தமிழைச் சரியாக அடுக்கிக் காட்டுகிறது.

ஜிஃப் கோப்பில் எழுத்தும் படமாகவே பதிவதால், பார்ப்பவரின் கருவியில் அந்த எழுத்துரு இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் தமிழ் எழுத்துகளில் சுழிகளும் மேல்கீழ் நீட்டங்களும் அதிகம். 320-க்கு 50 அளவுள்ள கைப்பேசி பேனரில் இரண்டு வரி தமிழை அடைத்தால் 'ணு'வும் 'ணூ'வும் ஒன்றுபோலத் தெரியும். வாசகத்தை மூன்று நான்கு சொற்களாகக் குறைத்து, தடித்த எழுத்தில் ஒரே வரியாக எழுதுங்கள்.

கேள்வி: சின்னத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு தெரிகிறது. எப்படி நீக்குவது?

பதில்: ஜிஃப் கோப்பில் ஒரு பிக்சல் முழுதாகத் தெரியும் அல்லது முழுதாக மறையும், பாதி தெரியும் நிலை கிடையாது. மென்மையான விளிம்புகளை மென்பொருள் ஏதாவது ஒரு நிறத்தோடு கலந்தாக வேண்டும், அது வெள்ளையோடு கலந்துவிட்டது. சேமிக்கும் பெட்டியில் 'மேட்' என்ற இடத்தில், பேனர் வெளியாகும் பக்கத்தின் பின்னணி நிறத்தைக் கொடுங்கள். விளம்பர பேனருக்கு இன்னும் நல்ல வழி, பின்னணியை முழுதாக நிறத்தால் நிரப்பி, ஓரத்தில் ஒரு பிக்சல் கோடு இடுவது. எந்தப் பக்கத்தில் வெளியானாலும் பேனரின் எல்லை தெளிவாகத் தெரியும். வெள்ளைப் பின்னணி உள்ள பேனருக்கு அந்தக் கோடு மிகவும் தேவை.

கேள்வி: எவ்வளவு வேகமாக ஓடலாம்? விடாமல் மின்னிக்கொண்டிருந்தால்தானே பார்வையாளர் கவனிப்பார் என்கிறார் என் வாடிக்கையாளர்.

பதில்: அவரிடம் விதிகளை எடுத்துக் காட்டுங்கள். கூகுள் விளம்பரங்களில் அசையும் ஜிஃப் 30 விநாடிக்குள் நின்றுவிட வேண்டும், கோப்பு 150 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது, விநாடிக்கு 5 ஃபிரேம் என்ற வேகத்தையும் மீறக் கூடாது. முடிவில்லாமல் சுழலும் பேனர் அங்கே மறுக்கப்படும்.

விதிகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது படிப்பவரின் உடல்நலம். வேகமான மின்னல், ஒளியால் வலிப்பு தூண்டப்படும் நோய் உள்ளவர்களுக்கு உண்மையான ஆபத்து. இணைய உள்ளடக்க அணுகுதிறன் நெறிமுறைகள், ஒரு விநாடிக்குள் மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக் கூடாது என்றும், தானாகத் தொடங்கி 5 விநாடிக்கு மேல் அசைவதை நிறுத்திவைக்க வழி இருக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. மின்னல் இல்லாத பேனரால் விற்பனை குறையும் என்று அஞ்சும் வாடிக்கையாளருக்கு, ஒரே வடிவமைப்பை இரண்டு வேகங்களில் செய்து, கைப்பேசியில் ஒரு கட்டுரைக்கு நடுவே வைத்துக் காட்டுங்கள். கட்டுரையைப் படிக்க முயன்றாலே அவருக்குப் புரிந்துவிடும்.

நேரத்தைத் தீர்மானிக்க எளிய வழி உண்டு: வாசகத்தை நிதானமாக வாய்விட்டு இரண்டு முறை படியுங்கள், அந்த நேரத்தைக் கொடுங்கள். மேலும், ஃபோட்டோஷாப்பில் 'நோ டிலே' என்று விட்ட ஃபிரேம்கள் உலாவியில் மெதுவாக ஓடுவதாகச் சிலர் எழுதியிருந்தனர். விநாடியில் நூறில் இரண்டு பங்குக்கும் குறைந்த நேரத்தை உலாவிகள் ஏற்காமல், அதைப் பத்தில் ஒரு பங்காக மாற்றிவிடுகின்றன. நேரத்தை நீங்களே குறிப்பிட்டால் எல்லா இடங்களிலும் ஒரே வேகம் கிடைக்கும்.

கேள்வி: ஜிஃப் மிகப் பழையது என்கிறார்கள். 256 நிறத்தோடு இன்னும் ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? புதிய வடிவங்களுக்கு மாறிவிடலாமா?

பதில்: பழையது என்பது உண்மைதான். அமெரிக்காவின் கணினிச் சேவை நிறுவனமான கம்ப்யூசர்வ் 1987-இல் இதை வெளியிட்டபோது 256 நிறம் என்பதே தாராளம். ஃபிரேமுக்கு நேரம் குறிக்கும் வசதி 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தது. திரும்பத் திரும்ப ஓடும் வசதி 1995-இல் நெட்ஸ்கேப் உலாவியின் இரண்டாம் பதிப்போடு சேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1994 அக்டோபர் 27-இல், ஹாட்வயர்டு என்ற இணைய இதழின் தளத்தில் ஏடி அண்டு டி தொலைபேசி நிறுவனத்தின் பேனர் வெளியாகி இணைய விளம்பரத்துக்கு வழி திறந்திருந்தது. அதன் அளவான 468-க்கு 60 பிக்சல் பல ஆண்டுகள் பேனரின் இலக்கணமாகவே இருந்தது.

இடையில் ஃபிளாஷ் என்ற அசைபடத் தொழில்நுட்பம் வந்து கோலோச்சியது. 2020 டிசம்பர் 31-உடன் அதற்கான ஆதரவு முடிந்தது. ஃபிளாஷில் செய்த பேனர்கள் இன்று உலாவிகளில் நேரடியாக ஓடாத கோப்புகளாகிவிட்டன, அதே ஆண்டுகளில் செய்த ஜிஃப் பேனர்களோ இன்றும் ஓடுகின்றன. அசையும் பிஎன்ஜி, அசையும் வெப்பி ஆகிய புதிய படக் கோப்பு வடிவங்கள் நிறத்திலும் விளிம்பின் மென்மையிலும் ஜிஃப்பைவிட மேலானவை. உங்கள் சொந்தத் தளத்தில் வைக்கும் பேனருக்கு அவற்றைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். விளம்பரத் தளங்களுக்கு அனுப்புவதானால் அவை எந்த வடிவங்களை ஏற்கின்றன என்ற பட்டியலை முதலில் படியுங்கள்; படக் கோப்பாக அனுப்பும் அசைவுக்கு அங்கே பெரும்பாலும் ஜிஃப்தான் இடம்பெறுகிறது. அதைத் தாண்டிய அசைவு வேண்டுமென்றால் இணையப் பக்க நிரலால் உருவாக்கும் எச்டிஎம்எல்5 பேனர் செய்ய வேண்டும், அது படத் திருத்த மென்பொருளின் எல்லையைக் கடந்த வேலை.

மின்னஞ்சலில் வைக்கும் பேனருக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. விண்டோஸ் கணினிகளில் இயங்கும் மின்னஞ்சல் மென்பொருளான அவுட்லுக்கின் 2007, 2010, 2013, 2016 பதிப்புகள் ஜிஃப்பின் முதல் ஃபிரேமை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடும். ஆகவே மின்னஞ்சலுக்கான பிரதியில் முழுச் செய்தியும் முதல் ஃபிரேமிலேயே இருக்கட்டும். டைம்லைனில் கடைசி ஃபிரேமின் நகல் ஒன்றைப் பிடித்து இழுத்து முன்னால் வைத்துவிட்டு, அந்தப் பிரதியைத் தனிப் பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள்.